ஈர மண்ணில் எதிர்க்கடைத் தடம்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, காபியின் மணம் மூக்குக்குத் தெரிகிறது. இந்தக் காலத்தில் நலம் என்றால் இவ்வளவுதான். நீயும் முதலில் இந்த மூன்றுக்கும் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இதென்ன திடீரென்று கடிதம் என்பாய். போனில் பேசினால் சற்று நேரத்தில் நான் குரலை உயர்த்துகிறேன், உடனே நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது. நீயும் பாதியில் வைத்துவிட முடியாது.

கடை மூடியே கிடக்கிறது. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஷூ மொத்த வியாபாரியைப் போல வேடிக்கையான பிறவி வேறு யார்? கிடங்கில் கூரை வரை பெட்டிகள். நடக்க ஆள் இல்லை. நடுவில் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார்.

"எங்க டாக்டர் நடக்கறது?"

"வீட்டுக்குள்ளயே நடங்க."

"வீட்டுக்குள்ள நடந்தா நாலு எட்டுல சமையலறை வந்துடுது டாக்டர். பிரச்சினையே அதுதான்."

சரி, பூங்காவுக்குப் போவோம் என்று போனால் கேட்டில் சங்கிலி. உள்ளே காவல்காரர் தனியாக, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எந்நேரமும் ஊதிக்கொண்டே இருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர்.

"நீங்க மட்டும் உள்ள உட்காரலாமா?" என்றேன்.

"உட்காரலை சார். காவல் காக்கறேன்."

"எதை?"

"பெஞ்சை."

"யார்கிட்டருந்து?"

"உங்ககிட்டருந்துதான்."

பதில் எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்கும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். கேட் வழியாகவே ஒரு தகவல் கொடுத்தார். "பின்னாடி குடிதண்ணித் தொட்டி இருக்குல்ல? அதுக்கும் பின்னால ஒரு மண்மேடு. அது என் எல்லையில வராது. அங்க யார் நடந்தாலும் நான் ஊத மாட்டேன்."

போனேன். முப்பது வருஷமாக அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன், அக்கா. அதற்குப் பின்னால் இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாது. இடுப்பளவு புல். மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரிகிறது. ஆலைகளில் புகை இல்லாததால் தூரத்து மலைகூடத் தெரிகிறது. என் கடைக் கூரையில் ஒரு ஓடு உடைந்திருப்பதும் தெரிந்தது. இதற்கே ஏறியது வரவு.

கடிதத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவளைப் பற்றி நீ ஒரு வரி எழுதக் கூடாது. பெற்ற மகள், பத்து வருஷம் என் கல்லாவில் உட்கார்ந்தவள். கல்யாணம் ஆனதும் கடைப் பெயர்ப்பலகையில் "அன்ட் மருமகன்" என்று சேர்த்தேன். மகன் இருக்கிறவன் "அன்ட் சன்ஸ்" போடுகிறான், எனக்கு இருந்தது மருமகன். அந்தப் பல் டாக்டர் மருமகனுக்கு ஷூவின் இடது வலது தெரியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காகச் சாவியைத் தூக்கி மேஜையில் வீசிவிட்டு, எதிர்க்கடை மீசைக்காரனிடம் போய் வேலைக்குச் சேர்வாளா? இதே ஊரில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை இல்லை. குழந்தை பிறந்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் கேட்டேன். அது ஓடியாடிப் பேசுகிறதாம் இப்போது. நான் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. போகட்டும். எழுதாதே.

முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தம்பி


ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று கேள்விக்கும் பதில்: இல்லை, இல்லை, தெரிகிறது. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நாலாவது மாடியில் இருக்கிறவளுக்கு அது நல்ல லட்சணமா?

கடிதம் எழுதினாயே, அதற்கு நன்றி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தே என் காது தேய்ந்துவிட்டது. இப்போது போன் மணி அடித்தாலே யார் போனார்களோ என்றுதான் நினைக்கிறேன். காகிதம் நல்லது.

ஒரு வரி எழுதக் கூடாது என்றாய். எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தில் அதிக வரி அவளைப் பற்றித்தான் இருக்கிறது.

அந்த மேடு பற்றி எழுதினாயே, ஆசையாக இருந்தது. நன்றாக விவரித்து எழுது. ஏறும் வழி செங்குத்தா, சரிவா? முள் உண்டா? தண்ணீர்த் தொட்டிக்கு வேலி சரியாக இருக்கிறதா, ஓட்டை ஏதும் உண்டா? நீ எந்த நேரத்தில், எந்தக் கிழமை போகிறாய்? ஜன்னலைத் தவிர எனக்கு வேறு உலகம் இல்லை. நீ நடக்கும்போது நானும் கூடவே வருகிற மாதிரி இருக்கும். அதனால்தான் கேட்கிறேன்.

மாத்திரையை மறக்காதே.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் தன் சாமர்த்தியம் என்கிறார்.

உன் கேள்விகளுக்குப் பதில். சரிவுதான், முள் இல்லை, வேலி உறுதி. திங்கள், வியாழன் காலையில் மேட்டுக்குப் போகிறேன். மற்ற நாள்களில் புதிய இடம் தேடுகிறேன். ஆமாம், தேடுகிறேன். சிரிக்காதே. புதுச் சந்தை பிடிக்கப் போகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. ஒரு சந்து திரும்புகிறபோது அந்தப் பக்கம் என்ன இருக்குமோ என்று பார்க்காமல் கால் திரும்ப மாட்டேன் என்கிறது.

அப்படித்தான் கைவிடப்பட்ட நாற்றுப்பண்ணை ஒன்று அகப்பட்டது. நகராட்சி அலுவலகத்துக்குப் பின்புறம். பூட்டு இருக்கிறது, கேட்தான் இல்லை. உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள். செடிகள் தொட்டியை உடைத்துக்கொண்டு தரையில் வேர்விட்டிருக்கின்றன. நடுவில் மூங்கில் புதர். காற்று அடித்தால் நூறு பேர் நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி சத்தம். வியாபாரிக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது: நிழல், உட்கார இடம், நல்ல தரை. வாடிக்கையாளர் மட்டும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். மழை பெய்து மேட்டில் மண் ஈரமாக இருந்தது. போன வியாழன் பார்த்தால் என் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். உனக்குத் தெரியும், மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் ஷூவின் சோலைப் பார்ப்பேன். ஷூவின் அடியைக் காட்டு, எந்தத் தயாரிப்பு, எந்த அளவு, எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுவேன். இது தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கிற சோல். ஆண்கள் ரகம். இந்த ஊரில் அதை இறக்குகிறவன் மீசைக்காரன் ஒருவன்தான். சும்மா சொல்லக் கூடாது, அருமையான சரக்கு. ஈரத்தில் வழுக்காது, எடை கிடையாது. அவன் கடையில் கொள்முதல் பார்க்கிறவன் யாரோ பெரிய கெட்டிக்காரன்.

ஆனால் யாருக்கும் தெரியாத மேட்டில் எதிர்க்கடை ஷூவுக்கு என்ன வேலை? விசிலிடம் கேட்டேன்.

"யாரையாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எல்லாரும் மாஸ்க். விசில் ஊதினா நிக்கறவன் ஒருத்தன், ஓடறவன் ஒருத்தன். எனக்குத் தெரிஞ்ச அடையாளம் அவ்வளவுதான் சார்."

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மீசைக்காரன் ஆளை விட்டு என்னை வேவு பார்க்கிறான். நான் புதிதாகக் கிடங்கு போட இடம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பான். ஒல்லியான ஆண், எடை அதிகம் இல்லை, அவசர நடை. எழுதி வைத்துக்கொள்.

உன் தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் இல்லை. மற்றதும் இல்லை. பதில் தாமதமானதற்குத் தபாலைக் குறை சொல்லலாம். உண்மையில், உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பேனா பிடிக்க இத்தனை நாள் ஆயிற்று.

வேவுக்காரனைப் பற்றி நான் என்ன சொல்ல? தொழில் உன்னுடையது. ஒல்லியான ஆண் என்றால் ஒல்லியான ஆண்தான்.

உன்னைப் பார்த்து எனக்கும் சூடு பிடித்துவிட்டது. படியைப் பிடித்துப் பிடித்து மொட்டை மாடிக்கு ஏறினேன். மேலே யாரோ சிமென்ட் தொட்டியில் வைத்த செடி காடாகி நிற்கிறது. அதன் நிழலில் ஒரு நாற்காலி. எத்தனை வருஷம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன்! தலைக்கு மேல் ஒரு தோட்டம் இருந்திருக்கிறது.

நாற்றுப்பண்ணையில் நிழல் எந்த நேரம் வரை? பாம்பு கீம்பு உண்டா? அதை மட்டும் நன்றாகப் பார்த்து எழுது. அங்கே எந்தக் கிழமை போகிறாய்?

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாம்பு இல்லை, கீரி இரண்டு இருக்கின்றன, பாம்பு இருந்தாலும் அவை விட்டு வைத்திருக்காது. நிழல் பதினொரு மணி வரை. நான் செவ்வாய்க்கிழமை போகிறேன்.

வேவுக்காரன் அங்கேயும் வந்துவிட்டான்! அதே தேன்கூடு. ஆனால் என் கணக்கு முழுவதும் தப்பு, அக்கா. அவன் தனியாக வரவில்லை. கூடவே ஒரு குழந்தை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு எவனும் வேவு பார்க்க வர மாட்டான். மீசைக்காரனை ஒரு மாதமாகத் திட்டியது வீண்.

அந்தக் குழந்தையின் தடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சின்ன ஷூவின் தடம் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மண்ணில் குதிகாலின் வட்டம் தனியாகப் பதிந்திருக்கிறது. புரிகிறதா? ஷூ போதவில்லை. பின்பக்கத்தை மிதித்து மடித்துச் செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு நடக்கிறது குழந்தை. முன்னால் விரலெல்லாம் மடங்கிக் கிடக்கும். கடைகள் மூடியிருக்கின்றன, குழந்தைக் கால் ஊரடங்குக்குக் கட்டுப்படுமா? அது பாட்டுக்கு வளர்கிறது.

என்ன தகப்பன் இவன்? மீசைக்காரனிடம் தனக்கு மட்டும் உயர்ந்த சரக்கு வாங்கத் தெரிகிறது. என் கிடங்கில் அந்த அளவு பெட்டி பெட்டியாகத் தூங்குகிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

மொட்டை மாடிக்குப் போகும்போது கைப்பிடியை விடாதே.

உன் தம்பி


ஆகஸ்ட் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஷூ சின்னது என்று தடத்தை வைத்தே நிச்சயமாகச் சொல்ல முடியுமா? விரலுக்குக் கெடுதல் உண்டா? பார்த்தால் குழந்தை ஒன்றும் சொல்லவில்லையே, விளையாடிக்கொண்டுதானே இருக்கும்? எந்த அளவு போட வேண்டும் என்று உடனே எழுது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே.

இன்னொன்று. அந்தச் சிமென்ட் ஆமை வெயிலில் சுடாதா? குழந்தைகள் கண்டால் அதன்மேல்தான் ஏறி உட்காரும்.

இங்கே மொட்டை மாடி நாற்காலிக்கு இப்போது போட்டி வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரரும் கண்டுபிடித்துவிட்டார். எட்டி எட்டி உட்கார்ந்து பேசுகிறோம். மாஸ்க்குக்குள் அவர் சொல்வது பாதி எனக்கு விளங்குவதில்லை. ஆனாலும் மனிதக் குரல்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

ஆமை சுடாது. மூங்கில் நிழல் அதன்மேல் விழுகிறது.

அளவு கேட்டாய். இப்போது போட்டிருப்பதைவிட இரண்டு அளவு பெரிது வேண்டும். விரலுக்குக் கெடுதல்தான். சின்னக் குழந்தைக்கு எலும்பு இன்னும் களிமண் பதம்; மடங்கியபடியே இறுகிவிடும்.

இன்னொரு இடம் கண்டுபிடித்திருக்கிறேன். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் உயர்வு. ஆற்றுப் பக்கம் பழைய செங்கல் சூளை இருக்கிறதே, மண் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிச் சின்னக் குளமாகிவிட்டது. முழங்கால் ஆழம்கூட இருக்காது. வெள்ளைப் பறவைகள் வந்து நிற்கின்றன, ஒற்றைக் காலில், வரிசையில் நிற்கிற வாடிக்கையாளர் மாதிரி பொறுமையாக. கரையில் ஒரு கல் பெஞ்சு. யார் போட்டார்களோ! குழந்தைக்கு மிகவும் பிடிக்கும், அதாவது யாராவது குழந்தை போனால். மெயின் ரோட்டில் லாரி எடை மேடைக்கு எதிரே இறங்க வேண்டும். புதன்கிழமை மட்டும்தான் நான் போவேன். மற்ற நாள்களில் அங்கே ஈ காக்கை கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். நான் எழுதி மூன்று வாரம் ஆகிறது, உன் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று உன் மூன்றாம் மாடிக்காரருக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே கோபித்துக்கொள்ளத் தடை இல்லை.

நாற்றுப்பண்ணையில் ஒரு சிமென்ட் ஆமை இருக்கிறது. உண்மைதான். பின்கோடியில், புதருக்குள், முதுகில் பாசி பிடித்துக் கிடக்கிறது. ஆனால் அதைப் பற்றி உனக்கு நான் எழுதவே இல்லை, அக்கா. நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது?

அந்த ஒரு வரியைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஒரு இடத்தைப் பற்றி எழுதுகிறேன். கடிதம் உனக்குப் போகிறது. கொஞ்ச நாளில் அங்கே தேன்கூடு வருகிறது, நான் போகாத கிழமையாகப் பார்த்து. முள் உண்டா, பாம்பு உண்டா, வேலியில் ஓட்டை உண்டா என்று எனக்காகவா கேட்டாய்? ஆண்கள் ஷூ என்று நான் பெரிய மேதாவி மாதிரி எழுதினேன். அவள் கால் அவளுடைய அம்மாவின் கால். பெண்கள் ரகத்தில் அந்த அளவு வராது; பள்ளிக்கூட நாளிலிருந்து ஆண்கள் ஜோடிதான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இந்தக் கையால். ஊரார் காலெல்லாம் தெரிகிற எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இருந்தாலும் வியாபாரி நான், சரக்கைச் சோதிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால்தான் செங்கல் சூளை. அங்கே அதுவரை வேறு யாருடைய தடமும் கிடையாது. உனக்குக் கடிதத்தைப் போட்டேன், காத்திருந்தேன், அடுத்த புதன் போனேன். ஒன்றும் இல்லை. அதற்கடுத்த புதன் போனேன். தேன்கூடு, பக்கத்தில் குதிகால் வட்டம்.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைக்கூட வாயில் போட்டுக்கொண்டேன். சர்க்கரை இல்லை, வேறு என்னவோ.

கிடங்குக்கு நேரே போய், சிவப்பில் ஒரு ஜோடி எடுத்தேன். இரண்டு அளவு பெரிது. பெட்டியோடு கொண்டுவந்து பெஞ்சில் வைத்தேன். சீட்டு எழுதி வைக்கவில்லை. என்ன எழுதுவது? கொரோனா காலத்தில் அநாதையாகக் கிடக்கிற பெட்டியை யாரும் தொட மாட்டார்கள். தொடுகிறவள் என் கடைப் பெட்டி என்று தெரிந்துதான் தொட வேண்டும். தொடாமலும் போகலாம். ஒரு வாரம் எனக்குக் கடையைத் திறந்த முதல் வாரம் போல இருந்தது. யாராவது வருவார்களா என்று.

நேற்று முன்தினம் புதன். பெட்டி இல்லை. பெஞ்சைச் சுற்றி ஈர மண்ணில் என் சரக்கின் தடம். அலை அலையாக இருக்கும் அந்தச் சோல், எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை அக்கா, பெஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. குதிகால் வட்டம் எங்கேயும் இல்லை.

நீ எக்ஸ்சேஞ்சில் என்ன செய்தாயோ அதையே செய்திருக்கிறாய். இரண்டு பக்கத்தையும் இணைத்துவிட்டு, நடுவில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறாய். திட்டுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இடங்களைச் சொன்னது நான் என்று அவளுக்குத் தெரியுமா?

தம்பி


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பயந்துகொண்டுதான் எழுதாமல் இருந்தேன். ஆமையைப் பற்றி எழுதிய பிறகுதான் உறைத்தது. கடிதத்தைப் பெட்டியில் போட்ட கையைத் திரும்ப உள்ளே விட முடியுமா? இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை, உன் வேலையில் தவறிவிட்டது.

நீ எழுதாதே என்றாய், நான் எழுதவில்லை. பேசாதே என்று நீ சொல்லவில்லை. மாதம் இரண்டு தடவை அவள்தான் போன் பண்ணுவாள். இரண்டே அறை, ஆஸ்பத்திரி டியூட்டியில் பல் டாக்டர், வீட்டுச் சுவரெல்லாம் பென்சில் கிறுக்கல். "அத்தை, இவளைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போகணும் அத்தை, இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்" என்றாள். என் கையில் உன் கடிதம் இருந்தது. மேடு இருக்கிறது போ என்றேன். முதல் தடவை குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே ஏறினாளாம்.

உன் கேள்விக்குப் பதில்: தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். யார் சொன்னது என்று கேட்டாள், உங்கப்பா என்றேன். பிறகு, "அவர் என்னைக்குப் போவாரு?" என்று மட்டும் கேட்டாள். உன்னைக் கேட்டு எழுதி, பதில் வந்ததும் உன் கிழமையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த நாள்களில் அவள் போகவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் அதே கேள்விதான். உனக்கு வலிக்கும், ஆனாலும் பூசி மெழுக எனக்கு வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மீசைக்காரர் கடையில் அவள் கல்லாவில் இல்லை. கொள்முதல் பார்க்கிறாள். நீ மெச்சினாயே, அந்தத் தேன்கூட்டைத் தேடிப் பிடித்து இறக்கியது அவள்தான். நீ மெச்சியதையும் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள்.

சிவப்பு ஷூ கிடைத்த அன்று போன் பண்ணினாள். "ஷூ வந்துது" என்றதோடு சரி, அதைப் பற்றி வேறு ஒன்றும் பேசவில்லை. வைக்கிறதுக்கு முன்னால், "செங்கல் சூளைக்கு அவர் என்னைக்குப் போவாரு?" என்றாள். புதன் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்றேன். "தெரியும், சும்மா கேட்டேன்" என்றாள்.

இத்தோடு நான் லைனிலிருந்து விலகிக்கொள்கிறேன். இனி நேராகப் பேசிக்கொள்ளுங்கள்.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, காபி மணக்கிறது. நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த அடுத்த புதன் போனேன். வரவில்லை. அதற்கடுத்த புதன், நான் போகும்போதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளும் மாஸ்க், நானும் மாஸ்க். இளைத்திருக்கிறாள். நான் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். குழந்தை தண்ணீர் ஓரத்தில் பறவைகளுக்கு எதையோ உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தது.

வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று கோர்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. அவள்தான் ஆரம்பித்தாள், முகத்தைத் திருப்பாமல்.

"ஒரு சைஸ் பெருசு."

"என்னது?"

"ஷூ. ஒரு சைஸ் பெருசு. முன்னாடி பஞ்சு வெச்சுத்தான் போட்டிருக்கேன்."

"இருக்காது. தடத்தை அளந்து பார்த்துத்தான் எடுத்தேன்."

"ஈர மண்ணுல அளந்தீங்க. மண்ணு விரிஞ்சு கொடுக்கும்ப்பா. குதிகால் வழுக்கினதையும் சேர்த்து அளந்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. விட்டுக்கொடுக்க மனம் இல்லை.

"வளர்ற குழந்தைதானே? ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

"ரெண்டு மாசம் தடுக்கி விழுவா. உங்க கடையில வாங்கினவங்களுக்கு இதையேதான் சொல்லி அனுப்புவீங்க, அவங்களும் விழுந்துக்கிட்டே போவாங்க."

"நான் வித்த ஷூவுல யாரும் விழுந்ததில்லை."

"நான் நிக்கிற வரைக்கும் விழலை."

நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு இப்படியா இருக்கும்? உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று எழுத எனக்கு வரவில்லை. தேன்கூட்டைப் பற்றிக் கேட்டேன். எந்த ஊர்ச் சரக்கு என்றேன். "தொழில் ரகசியம்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "நான் கடைக்குத் திரும்பி வர மாட்டேன்ப்பா. இப்பவே சொல்லிடறேன்."

"நான் கூப்பிடலையே."

"கூப்பிடத்தான் வந்தீங்க."

"ஆமா, கூப்பிடத்தான் வந்தேன்."

"அங்க நான் சொல்றது நடக்குது. நான் கேட்ட சரக்கை அவர் இறக்கறாரு. வித்துக் காட்டியிருக்கேன். விட்டுட்டு வர மாட்டேன்."

"சரி."

"பெட்டியில இன்னும் 'அன்ட் மருமகன்'தான் அச்சாயிருக்கு."

"பழைய பெட்டி. தீரலை."

"எப்பத் தீரும்?"

"வியாபாரம் நடந்தாத்தானே தீரும்?"

சிரித்தாளா என்று மாஸ்க்கில் தெரியவில்லை. கண் ஓரம் சுருங்கியது. அவளை மீசைக்காரனிடமிருந்து மீட்க முடியாது, அக்கா. எனக்கு அது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தேறாத சரக்குக்குப் பேரம் பேசிப் பழக்கம் இல்லை எனக்கு. விட்டுவிட்டேன்.

அப்போது குட்டி வந்து எதிரே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தது. பார்வை என் காலில் போய் நின்றது, கவனி, முகத்தில் இல்லை.

"யாரும்மா இது?"

"தாத்தா. ஷூ கொடுத்தாரே, அவர்."

"பெரிசா இருக்கு, தாத்தா" என்றது என்னிடம். அம்மாவுக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வாடிக்கையாளர் புகாருக்கு நான் அதைச் செய்தது இதுதான் முதல் தடவை.

கிளம்புகிற நேரம். அவள் எழுந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, போகாமல் நின்றாள். "நாங்க ரெண்டு பேரும் புதுசா ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்கோம். அத்தைக்குக்கூட இன்னும் சொல்லலை."

"எங்க?"

"பக்கம்தான். உங்களுக்கு நடக்க முடியுமா?"

"டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்காரு."

அவர்கள் முன்னால் போனார்கள். நான் பின்னால், கை எட்டாத தூரத்தில், இப்போதைய சட்டப்படி. சூளைச் சுவரைத் தாண்டி, ஒரு குழாய்ப் பாலத்துக்கு அடியில் குனிந்து, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் பார்த்தே இராத ஒரு வழி. இரண்டு தடவை அவள் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தாள். போய்ச் சேர்ந்ததும் குட்டி வாயில் விரலை வைத்து, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றது.

என்ன இடம், எப்படி இருக்கும், எங்கே இறங்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதக் கை துடிக்கிறது. எழுத மாட்டேன். உன்னிடம் சொன்னால் ஊருக்கே லைன் போய்விடும். ரயில் விட்டதும் நீயே வா. மூன்று பேரும் கூட்டிப் போகிறோம்.

உன் தம்பி